நாலு கல் இடத்தில் மூணு கல் வைத்தவர்

(இரண்டாம் ஆண்டு, கட்டடவியல் பிரிவு)



மலருக்கு ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தா என்று பேரவைச் செயலாளர் அண்ணன் கேட்டதும், யோசிக்காமல் சரி என்று சொல்லிவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, நல்ல ஆட்களை எல்லாம் மற்றவர்கள் முந்திக்கொண்டார்கள் என்று! எடிசனை எலெக்ட்ரிகல் நண்பர்கள் எடுத்துவிட்டார்கள். விசுவேசுவரய்யா நம்ம சிவில்காரர்தானே என்று போனால், அவரையும் ஒரு மெக்கானிக்கல் நண்பர் எழுதிக் கொடுத்தாயிற்றாம். எனக்கு மிஞ்சியவர் லாரி பேக்கர். மிஞ்சியவர் என்று சொன்னதற்காக அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். மிஞ்சியதை வைத்தே கட்டடம் கட்டியவர் அவர்.

இந்தப் பெயரை வகுப்பில் முதன்முதலாகக் கேட்டபோது பின் பெஞ்சில் ஒரே சிரிப்பு. லாரி என்று ஒரு மனுஷனுக்குப் பெயரா? நானும்தான் சிரித்தேன். எங்க ஊரில் லாரி என்றால் ஜல்லி லாரி, மணல் லாரி, ரப்பீஸ் லாரி, இவ்வளவுதான். இதில் மூணாவது லாரியோடு எங்க வீட்டுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால்தான் நான் ஏன் இந்த மனிதரைத் தேடித் தேடிப் படித்தேன் என்பது உங்களுக்குப் புரியும்.

எங்க அப்பா கொத்தனார். குமரி மாவட்டத்தில் எங்க பக்கத்து ஆட்கள் நிறையப் பேரைப் போல அவரும் திங்கட்கிழமை விடியற்காலையில் பஸ் ஏறித் திருவனந்தபுரம் வேலைக்குப் போவார், சனிக்கிழமை ராத்திரி வீட்டுக்கு வருவார். அம்மா சித்தாளாக இருந்தவர். முழங்கால் வலி வந்த பிறகு சாந்துச் சட்டி தூக்கி ஏணி ஏற முடியவில்லை. அதனால் உட்கார்ந்து செய்கிற ஒரு வேலைக்குப் போனாங்க. பழைய கட்டடம் இடிக்கிற இடத்தில் செங்கல்லில் ஒட்டியிருக்கும் காரையைத் தட்டி எடுத்துச் சுத்தம் பண்ணி அடுக்குகிற வேலை. ஒரு பழைய வெட்டுக்கத்தி, உட்கார ஒரு சாக்கு, தலையில் ஒரு துண்டு. கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. பள்ளிக்கூடத்தில் படிவம் நிரப்பும்போது தாயார் தொழில் என்ற இடத்தில் நான் பத்தாம் வகுப்பு வரைக்கும் இல்லத்தரசி என்றே எழுதினேன். இன்றைக்கு அதை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

வேலையிலிருந்து அம்மா வரும் முகத்தைப் பார்த்தே அன்றைக்கு இடித்தது எப்படிப்பட்ட சுவர் என்று சொல்லிவிடலாம். சுண்ணாம்புச் சுவர் என்றால் சிரித்த முகம். ரெண்டு தட்டு தட்டினால் காரை பொலபொலவென்று உதிர்ந்து, கல் முழுசாகக் கையில் வரும். சிமெண்ட் சுவர் என்றால் உள்ளங்கை எல்லாம் கொப்புளம், கூலியும் பாதி. ஏனென்றால் கல்லே பாதியாக உடைந்துபோகும். இது ஏன் என்று எனக்கு இங்கே வந்து இரண்டாம் ஆண்டில்தான் விளங்கியது. சுண்ணாம்புக் கலவை செங்கல்லைவிட மெலிசு. அடி விழுந்தால் அது விட்டுக் கொடுக்கும், கல் தப்பிக்கும். சிமெண்ட் அதிகம் போட்ட கலவை செங்கல்லைவிடக் கெட்டி. அது விட்டுக் கொடுக்காது, கல்தான் உடையும். பாடத்தில் நான் மனப்பாடம் செய்ததை அம்மா கையால் படித்து வைத்திருந்தாங்க.

நான் பத்தாவது படிக்கும்போது எங்க தாத்தா கட்டின ஓட்டு வீட்டை இடித்தோம். வேலையை எடுத்த ஒப்பந்தக்காரர் ஜேசிபி கொண்டுவந்தார். அரை நாள்தான்! மங்களூர் ஓடு, அயனி மரத்து நிலை, சுண்ணாம்பில் கட்டிய செங்கல், மண், பூச்சு எல்லாம் சேர்ந்து ஒரே குவியல். ஓட்டைக் கையால் இறக்க ஒரு நாள், மரத்தைக் கழற்ற ஒரு நாள் கொடுத்திருந்தால் எத்தனையோ மிஞ்சியிருக்கும். ஆனால் அவருக்கு மெஷின் வாடகை மணிக்கணக்கில் ஓடுகிறது. அம்மா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாங்க. அப்பா ஒன்றும் பேசவில்லை. கொத்தனார் வீட்டிலேயே பழைய சாமானை வைத்துக் கட்டுகிறான் என்று நாலு பேர் சொல்லிவிடுவார்களே என்று அவருக்கு ஒரு கூச்சம். ரப்பீஸ் அஞ்சு லோடு போயிற்று. அதை அள்ளிப் போகவும் நாங்கள்தான் காசு கொடுத்தோம். கொட்டிய இடம் எங்க ஊர்க் குளத்துக்குப் போகிற ஓடைக் கரை. அந்த வருஷ மழைக்கு ஓடைத் தண்ணீர் எங்க தெருவுக்குள் வந்தது. தாத்தா வீடு மறுபடி வாசலுக்கு வந்த மாதிரி இருந்தது எனக்கு.

லாரி வருவதற்கு முன்னால் அம்மா அந்தக் குவியலில் குனிந்து குனிந்து 200 செங்கல் பொறுக்கி வைத்துக்கொண்டாங்க. அது கொல்லையில் ஓலை மூடிக் கிடந்தது. அந்தக் கல்லுக்குப் பின்னால் வருகிறேன். இப்போது பேக்கர்.

லாரன்ஸ் வில்பிரட் பேக்கர் 1917 மார்ச் 2-ல் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்தில் பிறந்தார். அங்கேயே கட்டடக் கலை படித்து 1937-ல் முடித்தார். அதற்குள் குவேக்கர் என்கிற கிறிஸ்தவப் பிரிவில் சேர்ந்துவிட்டார். அவர்கள் எந்தக் காரணத்துக்காகவும் ஆயுதம் எடுக்க மாட்டார்கள். இரண்டாம் உலகப் போர் வந்தது. துப்பாக்கி தூக்க மறுத்த பேக்கர், காயம்பட்டவர்களைக் காப்பாற்றும் ஆம்புலன்ஸ் படையில் சேர்ந்து சீனாவுக்குப் போனார். வீடு கட்டப் படித்தவர் அங்கே மயக்க மருந்து கொடுக்கிறவராகவும், தொழுநோயாளிகளுக்குப் பணிவிடை செய்கிறவராகவும் வேலை பார்த்தார். நம்மில் எத்தனை பேர் படித்த வேலை கிடைக்கவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறோம்!

போர்க்காலத்திலேயே ஊர் திரும்ப உத்தரவாகி, பம்பாயில் கப்பலுக்காக மூணு மாதம்போலக் காத்திருக்க நேர்ந்தது. அங்கே அவர் தங்கிய நண்பர் மூலம் காந்தியடிகளைச் சந்தித்தார். அந்தச் சந்திப்பில் காந்தி கவனித்தது இவர் படிப்பையோ பட்டத்தையோ இல்லை. காலில் கிடந்த செருப்பை! சீனாவில் கந்தல் துணியைக் கொண்டு கையால் தைத்த துணிச் செருப்பு அது. வீணாகப் போகிற துணியையும் கை வேலையையும் வைத்து இப்படி ஒரு பொருள் செய்ய முடிவதைப் பற்றித்தான் பேச்சு தொடங்கியதாம். வீடு கட்டுவது பற்றியும் காந்தி ஒரு விஷயம் சொல்லியிருக்கிறார். ஒரு நல்ல வீட்டுக்கு வேண்டிய சாமான் எல்லாம் அதைச் சுற்றி அஞ்சு மைலுக்குள் கிடைக்க வேண்டும் என்பது அதன் சாரம். பேக்கருக்கு அப்போது அது நடைமுறைக்கு ஒத்து வராத பேச்சாகத் தோன்றியிருக்கலாம். பர்மிங்காமில் படித்தது எஃகும் கான்கிரீட்டும் கண்ணாடியும். அஞ்சு மைலுக்கு அவர் வந்து சேர இன்னும் கொஞ்ச காலம் ஆயிற்று.

1945-ல் இந்தியாவுக்குத் திரும்பி வந்தார். தொழுநோயாளிகளுக்காகப் பணி செய்யும் ஒரு மிஷனுக்குக் கட்டட நிபுணராக, உத்தரப் பிரதேசத்தில் அப்போதைய பைசாபாத்தில் தங்கினார். தொழுநோய்க்கு மருந்து வந்துவிட்ட நேரம். நோயாளிகளை ஒதுக்கி அடைத்து வைத்த பழைய விடுதிகளைச் சிகிச்சை தரும் ஆஸ்பத்திரிகளாக மாற்ற வேண்டும். இருக்கிற கட்டடத்தை மாற்றிப் பயன்படுத்துவதுதான் இந்தியாவில் அவருக்குக் கிடைத்த முதல் வேலை என்பதை நான் அடிக்கோடு போட்டுப் படித்தேன்.

அங்கே எலிசபெத் ஜேக்கப் என்ற கேரளத்து டாக்டர் அம்மாவைச் சந்தித்து, 1948-ல் கல்யாணம். புதுமணத் தம்பதியாக இமயமலையில் பித்தோராகர் பக்கம் போனவர்கள், மருத்துவ வசதியே இல்லாத அந்த மலை மக்களை விட்டு வர மனமில்லாமல் 1963 வரை அங்கேயே தங்கிவிட்டார்கள். அம்மா வைத்தியம் பார்த்தார், ஐயா ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் கட்டினார்.

கட்டினார் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன். உண்மையில் அங்கேதான் அவர் படித்ததை எல்லாம் மறந்து மறுபடி படித்தார். சிமெண்டும் இரும்பும் மலை ஏறி வருவதற்குள் விலை எங்கேயோ போய்விடும். ஆனால் அந்த மலைக்காரர்கள் காலுக்குக் கீழே கிடந்த கல், பக்கத்துக் காட்டு மரம், மண், கூரைக்குப் பலகைக் கல் இவற்றை வைத்துத் தலைமுறை தலைமுறையாகக் குளிருக்கும் மழைக்கும் தாங்குகிற வீடு கட்டி வாழ்ந்தார்கள். முறைப்படி படித்த ஆர்க்கிடெக்ட், எழுதப் படிக்கத் தெரியாத கல் தச்சர்களிடம் பாடம் கேட்டார். காந்தி சொன்ன அஞ்சு மைல் அப்போதுதான் அவருக்கு விளங்கியது. எங்க வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவன் நான். படித்தவர் படிக்காதவரிடம் போய்க் கற்றார் என்ற இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

1963-ல் கேரளத்து வாகமண் மலைக்கு வந்தார்கள். 1960-களின் கடைசியில் திருவனந்தபுரத்துக்கு. பேக்கருக்கு வயது 50 தாண்டிவிட்டது. நாம் இன்று கேள்விப்படுகிற பேக்கர் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறார்! பேராயர் மார் கிரிகோரியோஸ் ஏழைகளுக்குச் சிக்கன வீடு கேட்டார், கட்டிக் கொடுத்தார். லயோலா கல்லூரித் தேவாலயம் கட்டினார். பொருளாதார அறிஞர் கே.என். ராஜ் உள்ளூரில் (அது திருவனந்தபுரத்தில் ஓர் இடத்தின் பெயர்) தொடங்கிய வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகம் முழுவதையும் கட்டினார். அங்கே மரத்தை வெட்டாமல் சுவரை வளைத்தார், மேட்டை வெட்டாமல் தரையைப் படியாக்கினார். பூசாத செங்கல் சுவர்கள்தான் எங்கும்.

இனி நம்ம பாடம். ஜூனியர்கள் தாண்டிப் போகாமல் கொஞ்சம் பொறுத்துப் படிக்கவும்.

கட்டடக் கழிவைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் இடித்த பிறகு குவிவதைப் பற்றியே பேசுகிறார்கள். அது முக்கியம்தான். மத்திய அரசே 2016-ல் இதற்கென்று தனி விதிகள் கொண்டு வந்தது. ஒரே நாளில் 20 டன்னுக்கு மேல் கழிவு உண்டாக்குகிறவர்கள் அதைத் தரம் பிரித்து வைக்க வேண்டும் என்று அதில் சொல்லியிருந்தார்கள். ஆனால் பேக்கர் பார்த்தது அதற்கும் முன்னால், வரைபடத் தாளில். தேவையே இல்லாத ஒன்றைக் கட்டினால் அது கட்டும் நாளிலேயே கழிவு என்பது அவர் கணக்கு.

எலிப்பொறிக் கட்டு என்கிற ராட் டிராப் பாண்டை எடுத்துக்கொள்ளுங்கள். நம்ம புத்தகத்தில் ஒரு சின்னப் படமும் ரெண்டு வரியும் இருக்கும், பரீட்சைக்கு வராது என்று விட்டுவிடுவோம். அதை நான் ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு செங்கல் கலவையோடு சேர்த்து 9 அங்குல நீளம், 4½ அகலம், 3 கனம் என்று வையுங்கள். வழக்கமான 9 அங்குலச் சுவரில் கல்லைப் படுக்க வைப்போம். இதில் கல்லைச் சாய்த்து, 3 அங்குலக் கனம் அகலமாக வரும்படி நிறுத்த வேண்டும். முன்பக்கம் ஒரு கல், பின்பக்கம் ஒரு கல், நடுவில் 3 அங்குலம் காலி. அடுத்து ஒரு கல்லைக் குறுக்கே நிறுத்தி ரெண்டையும் பிணைக்க வேண்டும். ஆக 12 அங்குல நீளம், 4½ உயரம், 9 கனத்துக்கு மூணு கல். இதே இடத்தை நிரப்பிக் கட்டினால்? 12, 4½, 9 மூன்றையும் பெருக்கினால் 486. ஒரு கல் 121½. வகுத்துப் பாருங்கள், சரியாக நாலு! நாலு கல் இருக்க வேண்டிய இடத்தில் மூணு கல். நாலில் ஒரு பங்கு செங்கல் சூளையிலேயே மிச்சம். கலவையும் குறைவு. நடுவில் இருக்கும் காற்று வெயிலையும் உள்ளே விடாது. இது பேக்கர் கண்டுபிடித்ததில்லை, இங்கிலாந்தில் முன்பே இருந்த முறைதான். இங்கே நூற்றுக்கணக்கான கொத்தனார்களின் கைக்கு அதைக் கொண்டுவந்தது அவர்.

ஃபில்லர் ஸ்லாபும் அப்படியே. கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது என்று முதல் பாடத்திலேயே படிக்கிறோம். தளத்தின் கீழ்ப்பாதியில் இழுவையைத் தாங்குவது கம்பிதான். அப்படியானால் கம்பிக்குக் கம்பி நடுவில் அடியில் கிடக்கும் கான்கிரீட் பெரும்பாலும் சும்மா தொங்குகிற பாரம். அந்த இடத்தில் பேக்கர் பழைய மங்களூர் ஓட்டை ரெண்டு ரெண்டாகக் கவிழ்த்து வைத்து மேலே கான்கிரீட் போட்டார். பழைய கூரையிலிருந்து இறக்கிய, சற்று மூக்கு உடைந்த ஓடு போதும். எங்க தாத்தா வீட்டு ஓடு அஞ்சு லோடோடு போனது இங்கே எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

ஜன்னலுக்கு நிலை எதற்கு, ஒரே பலகையை மேலும் கீழும் குழியில் நிறுத்திச் சுழல விட்டால் போதாதா என்றார். பல இடத்தில் ஜன்னலே வைக்காமல், செங்கல்லுக்கிடையில் இடைவெளி விட்டு ஜாலி கட்டினார். வெளிச்சமும் காற்றும் வரும், மரமும் கண்ணாடியும் மிச்சம். லின்டல் கான்கிரீட் வேண்டாம் என்று செங்கல் வளைவு வைத்தார். நல்ல செங்கல்லுக்குப் பூச்சு எதற்கு என்று கேட்டார். சுண்ணாம்புக் கலவையை விடாமல் ஆதரித்தார். நாலாஞ்சிறையில் பாறைச் சரிவில் அவர் தனக்கென்று கட்டிய வீட்டில், பாறையை உடைக்காமல் அதன் போக்கிலேயே படி வைத்தார். இடித்த வீடுகளிலிருந்து வந்த மரம், ஓடு, உடைந்த பாட்டில், உடைந்த பீங்கான் எல்லாம் அதில் இடம் பிடித்தன. சுவரில் பதித்த பாட்டில் வழியாகப் பச்சையும் நீலமுமாக வெளிச்சம் விழும். வரைபடம் போடக்கூடப் புதுத் தாள் எடுக்க மாட்டாராம். வந்த கடித உறையின் பின்பக்கம், பழைய அழைப்பிதழின் பின்பக்கம். அதையும் மேஜையில் போட்டதோடு விடாமல், தினமும் வேலை நடக்கும் இடத்துக்குப் போய்க் கொத்தனாரோடு நின்று மாற்றுவார். நடுவில் ஒப்பந்தக்காரர் என்று ஒருவர் பெரும்பாலும் கிடையாது. வீடு கட்டச் செலவைக் குறைப்பது எப்படி என்று கையால் படம் போட்டு எழுதிய சிறு நூல்கள் பல. குப்பையைப் பற்றியே ஒரு நூல் உண்டு, அதன் தலைப்பும் ரப்பிஷ்தான்! லாரியும் ரப்பீஸும் எப்படியோ ஒன்று சேர்ந்துவிட்டன பாருங்கள்.

அவரிடம் எனக்கு ஒரே ஒரு கேள்வி இருந்தது. செங்கல்லைச் சுட விறகும் மண்ணும் போகிறதே, பிறகு அது என்ன சிக்கனம்? மேலே படித்தால் அதையும் அவரே கேட்டுக்கொண்டிருக்கிறார். அதனால்தான் சுடாத மண் சுவருக்கு ஆதரவாக எழுதினார், கட்டியும் காட்டினார். தன் வேலையிலேயே குறை கண்டுபிடித்துக்கொண்டு போனவர்.

1985-ல் முன்னாள் முதல்வர் அச்சுத மேனன், கே.என். ராஜ் முதலானோரோடு சேர்ந்து காஸ்ட்ஃபோர்ட் என்ற அமைப்பு உருவாயிற்று. இந்த முறைகளை ஊர் ஊராகக் கொண்டு போனது அதுதான். வெகு காலம் காத்திருந்து 1989-ல் இந்தியக் குடிமகன் ஆனார், 1990-ல் பத்மஸ்ரீ. 2007 ஏப்ரல் 1 அன்று 90-வது வயதில் திருவனந்தபுரத்தில் காலமானார். நான் பிறப்பதற்கு முன்பே.

அப்பாவிடம் இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். அவருக்குப் பேக்கர் பெயர் தெரிந்திருந்தது! ஒரு தடவை அந்த மாதிரிச் சுவரில் வேலையும் செய்திருக்கிறார். ஆனால் அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. நம்ம ஊர்ச் செங்கல் ஒன்று போல ஒன்று இருக்காது, நிறுத்தி வைத்தால் முகம் கோணும். கலவை பொந்துக்குள் விழாமல் வைக்கப் பழக்கம் வேண்டும். வேலை மெதுவாகப் போகும், வீட்டுக்காரர் கூலிக்கு முகம் சுளிப்பார். வயரிங்காரர் வந்து திட்டுவார். பொந்தில் எலி குடி வந்துவிடும் என்று பாதிப் பேர் பயப்படுகிறார்கள், அதற்குப் பெயரே அப்படித்தானே! அப்பா சொன்ன எதையும் என்னால் சட்டென்று மறுக்க முடியவில்லை. மிச்சமாகிற செங்கல் காசில் ஒரு பங்கு கொத்தனாரின் நேரத்துக்குப் போகும் என்பது நிஜம். பேக்கர் அதைத் தெரிந்தேதான் செய்தார். காசு ஆலைக்கும் சூளைக்கும் போவதைவிடக் கை வேலைக்காரனுக்குப் போகட்டும் என்பது அவர் கட்சி.

அடுத்த சனிக்கிழமை நானே திருவனந்தபுரம் போய்விட்டேன். தம்பானூரில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறது, பேக்கர் கட்டியது. சுருள் மாதிரி வட்டமாக மேலே ஏறிப் போகிற செங்கல் கட்டடம். அப்பா இத்தனை வருஷமாக அதைத் தாண்டித்தான் பஸ் ஏறியிருக்கிறார். உள்ளே போனதில்லை. வேலை உடுப்போடு எப்படிப் போவது என்றுதான். அன்றைக்கு நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். தரை சரிவாக ஏறிக்கொண்டே போகிறது, சுவரோரம் கட்டியே வைத்த மேஜையும் பெஞ்சும் மட்டும் மட்டமாக நிற்கின்றன. ஜாலி ஓட்டை வழியாகக் காற்று. காபி வந்தது. அப்பா காபியைக் குடிக்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டை விரலால் ஓர் இணைப்பைத் தடவினார். நடுவில் ஒரு கம்பு நட்டுக் கயிறு கட்டிச் சுற்றி வந்தால்தான் இந்த வட்டம் வரும் என்று அவராகவே சொல்லிக்கொண்டார். காபி ஆறிப்போயிற்று.

அந்த வாரமே எங்க அடுக்களையின் பின் சுவர் பற்றிப் பேச்சு வந்தது. இதுவரை அது தகரத் தடுப்புதான். 10 அடி நீளம், 7 அடி உயரம், 70 சதுர அடி. வழக்கமான கட்டுக்கு 747 கல் வேண்டும். எலிப்பொறிக் கட்டுக்கு 560. பழைய வினாத்தாளின் பின்பக்கத்தில் படம் போட்டுக் கொடுத்தேன். தாத்தா வீட்டுக் கல் 200 இருக்கிறது. மிச்சத்துக்கு அம்மா ஒரு காரியம் செய்தாங்க. வேலைக்குப் போன இடத்தில் கூலியில் ஒரு பகுதியைக் காசாக வாங்காமல் கல்லாக வாங்கி, பெட்டி ஆட்டோவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டு வந்தாங்க. கோணல் இல்லாத கல்லாகப் பொறுக்கியது அவங்க கை. போன மாதம் எண்ணியபோது மொத்தம் 578.

கலவையில்தான் சண்டை. அப்பா சிமெண்ட்தான் என்று ஒரே பிடி. அம்மா சுண்ணாம்பு என்று. பின்னால் என்றைக்காவது இந்தச் சுவரை இடிக்கும்போது யாரோ ஒருத்தி வெயிலில் உட்கார்ந்து இந்தக் கல்லைத் தட்ட வேண்டும், அவள் கையை நினைத்துப் பார் என்றுதான் அம்மா கேட்டாங்க. அதற்கு அப்பா பதில் சொல்லவில்லை. ஒரு பங்கு சிமெண்ட், ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு மணல் என்று நான் புத்தகத்தைப் பார்த்துச் சொன்ன கணக்கில் ரெண்டு பேரும் இறங்கி வந்தார்கள்.

இதை எழுதும்போது சுவர் நாலு வரி ஏறியிருக்கிறது. அப்பா ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வீட்டில் இருப்பார். கலவை பொந்துக்குள் விழாமல் இருக்க, வரிக்கு மேலே ஒரு பலகைத் துண்டை நடுவில் வைத்துக்கொண்டு கட்டுகிறார். அது தாத்தா வீட்டு அயனி நிலையின் உடைசல், அம்மா எங்கேயோ ஒளித்து வைத்திருந்தாங்க.